ஒன்வே பேரிங்கைக் கழுவுவதா, மாற்றுவதா? தூண்டில் ரீலின் பின்சுழல் தடுப்பு பற்றி ஓர் ஆய்வு

தூண்டில் ரீலில் மற்ற கோளாறுகள் எரிச்சலோடு போய்விடும். பின்சுழல் தடுப்பு கைவிட்டால் மீனே போய்விடும். மாட்டிய மீன் இழுக்க, ஹேண்டில் திடீரென்று பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும், நூல் தளரும், அந்த ஒரு நொடித் தளர்வில் கொக்கி கழன்றுவிடும். இதைத் தடுப்பதற்காக ரீலுக்குள் இருப்பது ஒரு சிறிய பேரிங். முன்னோக்கிச் சுற்றினால் விட்டுக்கொடுக்கும், பின்னோக்கி ஒரு பாகைகூட விடாது. ஒன்வே பேரிங், ரோலர் கிளட்ச், ஆன்டி-ரிவர்ஸ் பேரிங் என்று பல பெயர்களில் கேட்டு வாங்கப்படுவது இதுதான்.

இது வழுக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதில் மூன்று கருத்துகள் உலவுகின்றன. கழற்றிக் கழுவி, சொட்டு எண்ணெய்கூடப் படாமல் உலர்த்தி மாட்ட வேண்டும் என்பது ஒன்று. மெல்லிய எண்ணெய் கொஞ்சம் வேண்டும் என்பது இரண்டாவது. கழுவி நேரத்தை வீணாக்காமல் புதியது வாங்கிப் போடு என்பது மூன்றாவது. மூன்றையும் நம்பிக்கையோடு சொல்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். பேரிங் வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கருத்துகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வழுக்குகிற பேரிங் எல்லாம் கெட்டுப்போன பேரிங் அல்ல. பல, தவறான கிரீஸ் போடப்பட்டவை. உண்மையிலேயே தேய்ந்தவற்றிலும் தேய்வு பேரிங்கோடு நிற்பதில்லை, அது பிடிக்கிற ஸ்லீவிலும் இருக்கும். ஆகவே ‘மாற்றலாமா’ என்ற கேள்வி பெரும்பாலும் அவசரமாகக் கேட்கப்படுகிறது. கேட்கும்போதும் பாதிதான் கேட்கப்படுகிறது.

ரேச்சட்டிலிருந்து உருளைக்கு

தொடக்ககாலக் கடல் ரீல்களில் ஹேண்டில் ஸ்பூலோடு நேராகப் பூட்டப்பட்டிருந்தது. மீன் ஓடினால் ஹேண்டிலும் பின்னோக்கிப் பறக்கும். விரல் முட்டியை உடைக்கும் ரீல் என்றே அமெரிக்காவில் அவற்றுக்குப் பட்டப்பெயர். 1913இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பாலுள்ள கேட்டலினா தீவுக் கடலில் வில்லியம் போஷன் தூண்டிலால் வாள்மீன் பிடித்தார். அவர் யோசனைப்படி புரூக்ளினில் ஜூலியஸ் வோம் ஹோஃப் செய்துகொடுத்த ரீலில் டிராக் உள்ளேயே இருந்தது. நூல் வெளியே ஓடினாலும் ஹேண்டில் அசையாது. டிராக்கும் பின்சுழல் தடுப்பும் அன்றுமுதல் இணைபிரியாதவை. தடுப்பு ஹேண்டில் தண்டை நிறுத்திப் பிடித்தால்தான் டிராக் வட்டுகளுக்கு எதிர்த்து உராய ஏதாவது கிடைக்கும். தடுப்பு போனால், எத்தனை கிலோ டிராக் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் அது பூஜ்யம்தான்.

பல பத்தாண்டுகளுக்கு இந்த வேலையைச் செய்தது ரேச்சட்: பல் வெட்டிய ஒரு சக்கரம், அதில் விழுகிற ஒரு நாக்கு. 1932இல் ஓட்டோ ஹென்ஸே ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பென் நிறுவனத்தின் பழைய கடல் ரீல்கள் இன்றும் ஓடுவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். குறை ஒன்றுதான். நாக்கு அடுத்த பல்லில் விழும்வரை ஹேண்டில் பின்னால் ஆடும். 12 பல், ஒரு நாக்கு என்றால் ஆட்டம் 30 பாகைவரை போகும். கைப்பிடி அச்சிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அது ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் பின்னடைவு. இரண்டு நாக்குகளை அரைப் பல் தள்ளி வைத்தால் பாதியாகக் குறையும், ஒழியாது.

1990களில் பரவலான உருளைப் பேரிங் இந்த ஆட்டத்தை ஒழித்தது. ஷிமானோ இதை சூப்பர் ஸ்டாப்பர் என்றது, டாய்வா இன்ஃபினிட் ஆன்டி-ரிவர்ஸ் என்றது. ரீலுக்காகவே பிறந்த பொருள் அல்ல இது. இருசக்கர வாகனங்களின் செல்ஃப் ஸ்டார்ட்டரில் மெக்கானிக்குகள் மாற்றுகிற ஒன்வே கிளட்ச்சும் இதே குடும்பம். ரீலுக்குள் வந்தபோது அதற்குப் புதிதாகக் கிடைத்தது உப்புத் தண்ணீரும், பேரிங் என்றாலே கிரீஸ் அப்பும் கைகளும்தான்.

பிடிக்கிற இடம்

பேரிங்கின் வெளி உறைக்குள் சிறு சிறு சரிவுகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சரிவிலும் ஓர் எஃகு உருளை, அதைச் சரிவின் குறுகிய பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு ஸ்பிரிங். ரீல்களில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு உருளைகள். ஸ்பிரிங் எஃகில் தனித்தனியாக இருக்கலாம். பிளாஸ்டிக் கூண்டோடு சேர்ந்தே வார்த்ததாகவும் இருக்கலாம். நடுவே தண்டின் மேல் ஏறி நிற்கும் ஸ்லீவ், அதாவது கடினப்படுத்திய எஃகுக் குழாய். முன்னோக்கிச் சுற்றும்போது ஸ்லீவ் உருளைகளைச் சரிவின் அகன்ற பக்கம் உருட்டிவிடும். பின்னோக்கித் திரும்பினால், கதவின் அடியில் செருகிய ஆப்பு மாதிரி உருளைகள் உறைக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும்.

இதில் கவனிக்க வேண்டியது, பிடிப்பு முழுக்க உராய்வை நம்பியிருக்கிறது என்பது. எண்ணெய் பட்ட எஃகின் உராய்வுக் கெழு 0.1ஐ ஒட்டியே இருக்கும். அந்தச் சொற்ப உராய்விலும் உருளை பிடிக்க வேண்டும் என்பதால்தான் சரிவின் கோணம் சில பாகைகளுக்குள் அடக்கப்படுகிறது. உராய்வை மேலும் குறைக்கும் எதுவும், உருளை தன் இடத்துக்கு நகர்வதைத் தாமதப்படுத்தும் எதுவும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். இன்னொன்று, உருளைகள் ஸ்லீவைத் தொடுவது மெல்லிய கோடுகளில். அத்தனை விசையும் அந்தக் கோடுகளில் இறங்குவதால் ஸ்லீவ் மென்மையாக இருந்தால் பள்ளம் விழும். இவ்வகைக் கிளட்ச்சுகளைச் செய்யும் பேரிங் நிறுவனங்கள், தண்டின் மேற்பரப்பு ராக்வெல் சி அளவில் 58ஐ ஒட்டிய கடினத்தோடு தேய்த்து மெருகேற்றியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

சுமை எல்லா ரீலிலும் ஒன்றல்ல. ஸ்பின்னிங் ரீலில் பேரிங் ரோட்டாருக்கு அடியில், பினியனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. டிராக் 5 கிலோவுக்கு வைத்து, ஸ்பூலின் ஆரம் 25 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் மேல் விழும் முறுக்கு விசை சுமார் 1.2 நியூட்டன் மீட்டர். பெய்ட்காஸ்டரில் அது ஹேண்டில் தண்டின் மேல் இருக்கிறது. மீனின் இழுப்பு கியரைக் கடந்து பெருகித்தான் அங்கே வரும். அதே 5 கிலோ டிராக், 17 மில்லிமீட்டர் ஸ்பூல் ஆரம், 7க்கு 1 கியர் என்றால் சுமார் 5.8 நியூட்டன் மீட்டர், ஏறத்தாழ ஐந்து மடங்கு. வேகக் கியரைத் தேடிப்போகிறவர்கள் ஒன்வே பேரிங்கின் சுமையையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

வழுக்கலுக்கு எத்தனை காரணம்

முதல் காரணம் கிரீஸ். பால் பேரிங்குக்கு நல்லது ஒன்வே பேரிங்குக்கும் நல்லது என்று நினைத்து, சர்வீஸ் செய்பவர் தாராளமாகத் திணித்துவிடுகிறார். கெட்டியான கிரீஸில் மூழ்கிய உருளையை அந்தச் சிறு ஸ்பிரிங்கால் சட்டென்று நகர்த்த முடியாது. பிடிப்பு வரும், ஆனால் சற்று ஓடியபிறகு வரும். ஒரு முறை பிடிக்கும், மறுமுறை விடும். சர்வீஸுக்குப் போய்வந்த பிறகு தொடங்கிய வழுக்கல் என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான். பனிக் காலத்திலும் மீன்பிடிக்கும் நாடுகளில் இந்தத் தொல்லை குளிரோடு சேர்ந்து பெருகுகிறது: வீட்டில் சரியாக இருந்த ரீல் பனியில் கிரீஸ் இறுகி வழுக்கும். நம் கரையில் அந்தக் குளிர் இல்லை. இங்கே கிரீஸ் தன் அளவாலும் அதில் கலந்த உப்பு, மணலாலும் கெடுக்கிறது.

இரண்டாவது, அதற்கு நேர்மாறான வறட்சியும் துருவும். உப்புநீர் ஒரு முறை உள்ளே போய்க் காய்ந்தால் போதும், உருளைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். முதலில் சுழற்சியில் கீச்சொலி, பிறகு கரகரப்பு. முற்றினால் உருளை இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு இரு பக்கமும் பூட்டிக்கொள்ளும், அல்லது இரு பக்கமும் பிடிக்காது.

மூன்றாவது அதிர்ச்சி. நைலான் நூல் நீளும். பின்னல் நூல் ஏறக்குறைய நீளாது. டிராக்கை இறுக்கி வைத்துப் பின்னல் நூலில் கொக்கியை ஓங்கி வெட்டுகிறவர், அந்த அடியை முழுதாக உருளைகளுக்கு அனுப்புகிறார். பிளாஸ்டிக் கூண்டு விரிசல் விடும், ஸ்பிரிங் உடையும், ஸ்லீவில் தடம் விழும்.

நான்காவதைப் பலர் பார்ப்பதே இல்லை: பக்கத்து பால் பேரிங். மெல்லிய உறை கொண்ட ரோலர் கிளட்ச் தண்டைச் சுமக்கச் செய்யப்பட்டதல்ல. தண்டை நடுவில் நிறுத்தும் வேலை அருகிலுள்ள பால் பேரிங்குடையது. பினியன் பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் உருளைகளில் சில மட்டும் சுமை தாங்கும். புதிய ஒன்வே பேரிங் போட்டும் சில மாதங்களில் அதே நோய் திரும்பும். பழைய ஸ்பின்னிங் ரீல்களில் அடியில் இருக்கும் பின்சுழல் சுவிட்சும் ஒரு காரணமாகலாம். நெம்பு வளைந்து பாதி நிலையில் நின்றால், நல்ல பேரிங்கும் பாதிதான் பிடிக்கும். இப்போது உயர்விலை ரீல்கள் பலவற்றில் இந்தச் சுவிட்ச் இல்லை; அது உடம்பில் போட்ட ஒரு துளை, தண்ணீர் புகும் வழி.

காரணத்தைப் பிரித்தறிய ஒரே நம்பகமான சோதனை, கழுவிப் பார்ப்பதுதான். கிரீஸ் எல்லாம் போய் உலர்ந்த நிலையில் பேரிங் திடமாகப் பிடித்தால் குற்றவாளி மசகு. உலர்ந்தும் வழுக்கினால் மட்டுமே தேய்வு அல்லது உடைவு. இந்தச் சோதனை செய்யாமல் புதியது வாங்குவது, எடை பார்க்காமல் பணம் கொடுப்பதுதான்.

கழற்றலும் கழுவலும்

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூலையும் ஹேண்டிலையும் எடுத்து, ரோட்டார் நட்டைத் திருப்ப வேண்டும். சில மாடல்களில் இதன் மரை இடப்பக்க மரை. நகரவில்லை என்று பலம் போடுமுன் மாடலின் பாகப்படத்தைப் பாருங்கள். தவறான பக்கம் முறுக்கினால் பினியனின் மரையே போய்விடும். ரோட்டார் வந்ததும் சில திருகுகளில் நிற்கும் மூடி, அதன் அடியில் பேரிங். எந்த முகம் மேலே இருந்தது என்று அப்போதே மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது நல்லது. தலைகீழாக மாட்டினால் ரீல் பின்னோக்கி மட்டும்தான் சுற்றும்.

ஸ்லீவை உருவும்போதுதான் விபத்து நடக்கும். எல்லா வடிவத்திலும் உருளைகள் கூண்டுக்குள் அடைபட்டு இருப்பதில்லை. சிலவற்றில் ஸ்லீவ் வெளியே வந்ததும் உருளைகள் உள்பக்கம் சரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்குகள் தரையில் சிதறும். அதே பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை ஸ்லீவின் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தால் உருளைகள் தம் இடத்தில் நிற்கும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து வேலை செய்தால் தேடும் வேலை மிச்சம்.

கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். லைட்டர் திரவமும் கிரீஸை நன்றாகக் கரைக்கும். மண்ணெண்ணெய் கரைக்கும், ஆனால் தன் பங்குக்கு ஒரு பிசுக்கை விட்டுப்போகும். பிறகு ஆல்கஹாலில் அலச வேண்டும். அசிட்டோனும் கார்புரேட்டர் கிளீனரும் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்து விரிசல் விடச் செய்யும், கூண்டின் பிளாஸ்டிக் எது என்று தெரியாதவரை தொடவேண்டாம். டாய்வாவின் மேக்சீல்டு ரீல்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் பினியன் பக்கம் காந்த எண்ணெய் ஒன்று தண்ணீரைத் தடுக்கும் திரையாக நிற்கிறது. ஆல்கஹாலோ வேறு எண்ணெயோ பட்டால் அந்தத் திரை போய்விடும். அது சர்வீஸ் நிலைய வேலை.

கழுவியபின் ஸ்லீவைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், விளக்கை ஓரமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சுற்றுவாட்டில் ஓடும் மெல்லிய பளபளப்புப் பட்டை இயல்பானது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அச்சுவாட்டில், உருளையின் நீளத்துக்கு நீளமாக, ஒன்றுபோல இடைவெளிவிட்டு மங்கலான கோடுகள் தெரிந்தால் அது அதிர்ச்சியில் விழுந்த பள்ளம். நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டினால் அந்த ஸ்லீவின் காலம் முடிந்தது. மணல்தாள் போட்டு மெருகேற்றினால் பள்ளம் மறையலாம், ஆனால் விட்டம் குறையும். உருளை சரிவில் இன்னும் உள்ளே போய்ப் பிடிக்கவேண்டி வரும், ஸ்பிரிங்கின் எட்டும் தூரமும் முடிந்துபோகும். இது பழுதைத் தள்ளிப்போடுவதே தவிரத் தீர்ப்பதல்ல.

எண்ணெய் வழக்கு

உலர்வாக விடு என்பவர்கள் பிடிப்பைப் பற்றிச் சொல்வது சரி. உலர்ந்த எஃகு நன்றாகவே பிடிக்கும். ஆனால் முன்னோக்கிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் ஸ்லீவின் மேல் உரசிக்கொண்டேதான் ஓடுகின்றன. உலர்வு அங்கே தேய்வும் கீச்சொலியும் தரும். நன்னீர் ஏரியில் மட்டும் புழங்கும் ரீலுக்கு அது பொறுக்கும். பழவேற்காட்டு உப்பங்கழியிலும் ராமேஸ்வரத்துக் கடலிலும் போகிற ரீலுக்குப் பொறுக்காது.

கிரீஸ் என்பவர்கள் துருவைப் பற்றிச் சொல்வது சரி, இடம்தான் தவறு. பேரிங் உட்காரும் குழியிலும் உறையின் வெளிப்புறத்திலும் மூடியின் விளிம்பிலும் கடல் கிரீஸ் தடவலாம், தடவவும் வேண்டும். உள்ளே, உருளைகள் இருக்கும் இடத்தில், கூடாது.

உள்ளே தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் போதும். ஒரு சொட்டை ஊசி முனையில் எடுத்து ஸ்லீவில் தடவி, விரலால் துடைத்து எஞ்சுகிற படலமே அளவு. மாலிப்டினம் டைசல்ஃபைடு, கிராஃபைட், டெஃப்லான் கலந்தவற்றையும் அதியழுத்தச் சேர்மானம் உள்ளவற்றையும் விலக்க வேண்டும். வழுக்கலைத் தருவதே அவற்றின் சிறப்பு; நமக்கு வேண்டாததும் அதுதான். ஓவர்ரன்னிங் கிளட்ச் செய்யும் நிறுவனங்களும் இத்தகைய மசகுகளைக் குறித்து எச்சரிக்கின்றன. இந்த வழக்கில் தீர்ப்பு இரண்டாம் கட்சிக்கே: மெல்லிய எண்ணெய், மிகக் குறைவாக, அடிக்கடி.

மாற்றவேண்டி வந்தால்

கழுவி உலர்த்தியும் வழுக்கல், நகத்தில் தட்டும் பள்ளம், குழி விழுந்த துரு, உடைந்த கூண்டு, காணாமல்போன ஸ்பிரிங்: இவற்றில் எது இருந்தாலும் மாற்றுவதுதான் முறை. பேரிங்கையும் ஸ்லீவையும் ஜோடியாக மாற்றுங்கள். பள்ளம் விழுந்த ஸ்லீவின் மேல் புதிய உருளைகளை ஓட்டினால், அவையும் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் போகும். பினியன் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் சேர்த்து.

கம்பெனி பாகம் கிடைக்காதபோது பொதுச்சந்தை ரோலர் கிளட்ச்சைப் பார்க்கலாம். அவற்றின் எண்ணிலேயே அளவு இருக்கும். HF1012 என்றால் எச்எஃப் வரிசையில் தண்டு 10 மில்லிமீட்டர், அகலம் 12 மில்லிமீட்டர். வெளி விட்டம் 14. மூன்று அளவும் பொருந்தினாலும் ஒரு தடை உண்டு. பல ரீல்களின் பேரிங் வெளிப்புறம் வட்டமாக இல்லாமல், குழியில் சுழலாதபடி முனைகளோடு வார்க்கப்பட்டிருக்கும். வட்ட உறை அங்கே நிற்காது. மேலும் இந்த மெல்லிய உறை தன் சரியான வடிவத்தைக் குழிக்குள் அழுந்தியபிறகுதான் பெறுகிறது. குழி தளர்வாக இருந்தால் உறையே சுழலும், இறுக்கமாக இருந்தால் உருளைகள் சிக்கும். பசை போட்டு ஒப்பேற்றுவது உப்புநீரில் நாள் தாங்காது.

அழுத்தி ஏற்றும்போது வைஸில், உறையின் விளிம்பளவு உள்ள ஒரு சாக்கெட்டை வைத்து, எழுத்து பொறித்த முகத்தில் நேராக அழுத்த வேண்டும். சுத்தியல் கூடாது. பெய்ட்காஸ்டர்கள் சிலவற்றில் இந்த உறை பக்கத் தகட்டிலேயே அழுத்திவைக்கப்பட்டிருக்கும்; அங்கே தகட்டோடு வாங்குவதே மலிவாக முடியும். மாட்டியபின் டிராக்கை முழுக்க இறுக்கி, ரோட்டாரை மிக மெதுவாகவும் பிறகு வெடுக்கென்றும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ரீலைச் சாய்த்தும் கவிழ்த்தும் இதையே செய்ய வேண்டும். நூலில் தொங்கு தராசு மாட்டி, வழக்கமாக வைக்கும் டிராக் அளவுவரை இழுத்துப் பார்த்தால் சோதனை முழுமை.

இரண்டாம் காவல்

உருளைக்குத் துணையாக ரேச்சட்டும் வைத்த ரீல்கள் உண்டு. உருளை நழுவினால் நாக்கு அடுத்த பல்லில் விழுந்து நிறுத்தும். ஆட்டம் வரும், மீன் போகாது. பெரிய டிராக்கோடு கடலில் இழுத்துச்செல்லும் ட்ரோலிங் ரீல்கள் பலவற்றில் இன்றும் நம்பிக்கை இரட்டை நாக்கின் மேல்தான். எடை குறைக்கவும் செலவு குறைக்கவும் சிறிய ரீல்களில் நாக்கை நீக்கிவிடுவது சாதாரணமாகிவிட்டது. முன்பு காட்டிய கணக்கின்படி, சுமை அதிகம் விழும் வேகக் கியர் பெய்ட்காஸ்டரில்தான் அந்த நாக்கு மிகவும் தேவை. பாரையும் கொடுவாவும் தேடிப் போகிறவர் ரீல் வாங்கும்போது பால் பேரிங் எத்தனை என்று எண்ணுவதைவிட, பாகப்படத்தில் ரேச்சட் நாக்கு இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

கரைக்கு வந்தபின்

கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கிக்கொண்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிட வேண்டும். குழாயில் வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருந்த உப்பு ரோட்டாரின் இடுக்கு வழியே பேரிங்குக்குப் போகும். வாளியில் முக்கினாலும் அப்படியே. நம் கடலோர ஊர்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது: போர்வெல் தண்ணீரே பல தெருக்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதுதான் மிச்சம். ஒரு குவளை குடிநீர் போதும், அதைச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். ரோட்டார் இடுக்கில் ஸ்பிரே எண்ணெய் அடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்; உள்ளே என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று கருத்துகளையும் வரிசையில் வைத்தால் சண்டை தீர்ந்துவிடுகிறது. முதல் கருத்து ஒரு சோதனை: கழுவி உலர்த்திப் பார். இரண்டாவது பராமரிப்பு: பிடித்தால் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு மாட்டு. மூன்றாவது சிகிச்சை: உலர்ந்தும் பிடிக்காவிட்டால் ஸ்லீவோடு ஜோடியாக மாற்று. எஞ்சும் குறை தயாரிப்பாளர்களுடையது. ஸ்லீவைத் தனிப் பாகமாகப் பட்டியலில் ஒளித்துவைப்பதை விட்டு, பேரிங்கையும் ஸ்லீவையும் ஒரே பொட்டலமாக விற்றால், பாதி ரீல்கள் இரண்டாம் முறை பழுதுக்கு வரவேண்டிய அவசியமே இருக்காது.